சத்தம் வந்த பக்கம்

தட்டை மறுபடியும் கீழே போட்டாள்.

சோறு போட்டுச் சாப்பிடுகிற பெரிய எவர்சில்வர் தட்டு அது. பாயில் மல்லாந்து கிடந்த பாப்பாவின் தலைமாட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் விட்டாள். தட்டு விளிம்பில் நின்று ஆடிச் சுற்றி அடங்கியது. பாப்பா இமைகூடக் கொட்டவில்லை. மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தபடி தன் கட்டை விரலைத் தேடிக்கொண்டிருந்தாள். விரல் கிடைத்ததும் வாயில் வைத்துக்கொண்டு, வேறு ஜோலி இல்லாதவள் மாதிரி சப்ப ஆரம்பித்தாள்.

"அடியே, என் ராசாத்தி, ஒரே ஒரு தடவை திரும்புடி. உனக்குக் கோடிப் புண்ணியமாப் போகும்," என்றாள் பெற்றவள். தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள். வைத்த கையோடு திரும்பவும் எடுத்தாள்.

அந்தத் தறிப் பட்டறை வரிசையில் அவளைத் தார்க்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். தறியில் இப்படியும் அப்படியும் பாய்கிற நாடாவுக்குள் ஒரு சின்னக் கட்டை இருக்கும். அதற்குத் தார் என்று பெயர். அதில் நூல் சுற்றிக் கொடுப்பது இவள் வேலை. மாசமாக இருந்தபோதும் சுற்றினாள், பிள்ளை பெற்று உடம்பு தேறியதும் தொட்டில் பக்கத்திலேயே மெஷினைப் போட்டுக்கொண்டு சுற்றினாள். புருஷன் சுவருக்கு அந்தப் பக்கம் பட்டறையில் விசைத்தறி ஓட்டுகிறான். வீட்டுக்கும் பட்டறைக்கும் ஒரே சுவர், நடுவில் ஒரு கதவு. இந்தப் பட்டறைக்கு விடுமுறை என்றால் அடுத்த பட்டறை ஓடும், அதற்கு விடுமுறை என்றால் அதற்கடுத்தது. வரிசை முழுக்க இரவும் பகலும் தறிதான். சுவரில் மாட்டிய கண்ணாடி சதா நடுங்கிக்கொண்டே இருக்கும். தலை சீவுகிறவர்கள் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டுதான் சீவ வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் வாசலிலேயே காதைப் பொத்திக்கொள்வார்கள். வரிசைக்காரர்கள், "என்னாச்சு? காது வலியா?" என்று விசாரிப்பார்கள். கிண்டல் இல்லை, நிஜமாகவே விசாரிப்பார்கள். தறிச் சத்தம் அவர்கள் கணக்கில் சத்தமே கிடையாது. இங்கே பேச்சு என்பது பாதி வாயசைப்பு, பாதி கை. எதிராளி உதட்டைப் பார்த்தே ஊர்க்கதை முழுவதும் பேசி முடித்துவிடுவார்கள். ரகசியம் பேச வேண்டுமானால் மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டால் போதும். அப்படி முதுகைக் காட்டிய ரகசியத்தால் எத்தனையோ சண்டை வந்திருக்கிறது.

அவளை இப்படித் தட்டும் கையுமாக அலையவிட்டது தடுப்பூசி போடுகிற நர்ஸ். அந்த அம்மாள் கெட்டவள் இல்லை. அன்றைக்குச் சுகாதார நிலையத்தில் ஊசி போட்ட பிள்ளைகளும் போடப்போகிற பிள்ளைகளுமாகச் சேர்ந்து ஒரே ஓலம். அந்த ஓலத்துக்கு நடுவில் பாப்பா மட்டும் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லையே, இவ்வளவு களேபரத்துலயும் தூங்குறாளே," என்றாள் நர்ஸ்.

"ரொம்ப சமத்து சிஸ்டர். படுத்தவே மாட்டா."

"முகம் பாத்துச் சிரிக்குறாளா?"

"ஓ! பொக்கை வாயைத் திறந்து சிரிப்பா."

"குப்புறப் போட்டா தலையைத் தூக்குறாளா? விரலைக் கொடுத்தா பிடிச்சுக்கிறாளா?"

"பிடிச்சா விட மாட்டா சிஸ்டர். என் முடியைக் கொத்தாப் பிடுங்கிட்டா."

"சரி, குரல் கொடுக்குறாளா? ஆ, ஊ, அக்கு இக்குன்னு ஏதாவது?"

இங்கேதான் அவளுக்கு இடறியது. பாப்பா வாயை அசைப்பாள். விதவிதமாக அசைப்பாள், குவிப்பாள், உதட்டைப் பிதுக்குவாள். சத்தம்? யோசித்துப் பார்த்தாள். அழுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை.

நர்ஸ் பாப்பாவை எழுப்பி மடியில் உட்காரவைத்து, காதோரம் கிலுகிலுப்பையை ஆட்டினாள். பாப்பா நர்ஸின் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள். மறு காதோரம் ஆட்டினாள். பாப்பா கொட்டாவி விட்டாள்.

"இந்த வயசுல சத்தம் வந்த பக்கம் தலை திரும்பணும்மா. தலை திரும்பலன்னாலும் கண்ணாவது போகணும். பயப்படாத. பெரிய ஆஸ்பத்திரியில காதுக்குன்னே டெஸ்ட் இருக்கு, வலிக்காது. ஒரு எட்டு காட்டிடு. தள்ளிப் போடாத, என்ன?"

பயப்படாதே என்று சொன்னால் எந்தத் தாய் பயப்படாமல் இருக்கிறாள்? பஸ்ஸில் வரும்போதே அவளுக்கு உலகம் இருட்டிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் சொன்னாள். அவன் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். பிறகு பாப்பாவை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு அவள் காது மடலை விரலால் தடவினான்.

"என் பொண்ணுக்கு ஒண்ணும் கிடையாது," என்றான்.

"ஒண்ணும் இல்லாம இருந்தா நல்லதுதான். போய்க் காட்டிட்டு வந்துடலாமே."

"போகலாம், போகலாம்."

இந்தப் 'போகலாம், போகலாம்' ஒரு வாரம் ஓடியது. பாவு நூல் இறக்கியிருக்கிறது, நெய்து முடித்துவிட்டுப் போகலாம். பக்கத்துத் தறி ஓட்டுகிற நெட்டையன் லீவு போட்டுவிட்டான், அவன் தறியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அப்புறம் போகலாம். மழையாக இருக்கிறது, பிள்ளைக்குச் சளி பிடிக்கும், வெறித்ததும் போகலாம். மனுஷனுக்குச் சாக்குக்கு மட்டும் பஞ்சமே இல்லை. அவளுக்கோ இருப்புக்கொள்ளவில்லை. தார் சுற்றுகிற கை சுற்றும், கண் தொட்டிலிலேயே இருக்கும். நூல் அறுந்து கட்டை வெறுமனே ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் நினைவு திரும்பும்.

தட்டு போட்டாயிற்று. அடுத்தது செம்பு. கதவை அறைந்து சாத்தினாள். கை தட்டினாள், விசிலடித்தாள். அவளுக்கு விசிலே வராது, வெறும் காற்றுதான் வந்தது. ஒருநாள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குள்ளேயே போய், தறிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். இவ்வளவு பெரிய தறிக்குக்கூடத் திரும்பாவிட்டால் பிள்ளைக்கு என்னதான் கேட்கும்? பாப்பா அவள் தோளில் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போனாள். அன்றைக்குத் தாய்க்காரி சோறு சாப்பிடவில்லை.

இதில் ஓரகத்தி வேறு. புருஷனின் அண்ணன் வேன் ஓட்டுகிறவர். அவர்கள் வீடு தறி வரிசையிலிருந்து தள்ளி, வேறொரு தெருவில் இருக்கிறது. ஓரகத்திக்கும் இவளுக்கும் முன்னே பின்னே ஒரே சமயத்தில்தான் பிரசவம். அவளுக்குப் பையன். பையன் என்ன செய்தாலும் அடுத்த நாள் செய்தி இங்கே வந்துவிடும். ஓரகத்தி மனதில் கல்மிஷம் இல்லாதவள். வாய் மட்டும் கொஞ்சம் நிற்காது.

"நேத்து சட்டுனு குப்புற விழுந்துட்டான்டி! நான் அடுப்புல நிக்குறேன், திரும்பிப் பாத்தா குப்புறக் கிடந்து என்னை முறைக்குறான். அவங்க அப்பா வேன் ஸ்டார்ட் பண்ணினா போதும், கழுத்து ஒடிஞ்சுடுற மாதிரி வாசல் பக்கம் திரும்புறான். வாய்தான் அவங்க அப்பா மாதிரியே. ஓயவே மாட்டேங்குது."

'வாய் அப்பா மாதிரியாம்!' என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டாள் தார்க்காரி. நர்ஸ் சொன்னதை ஓரகத்தியிடமும் கடைசியில் சொல்லிவிட்டாள். சொல்லாமல் நெஞ்சில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

"இங்க தூக்கிட்டு வா, நான் பாக்குறேன்," என்றாள் ஓரகத்தி.

தூக்கிக்கொண்டு போனாள். அது அமைதியான வீடு. சுவரில் கடிகாரம் ஓடுவது கேட்கும். வாசலைத் தாண்டி உள்ளே போனதும் பாப்பாவின் முகம் கோணியது. உதடு பிதுங்கியது. பிறகு பிடித்தாள் பாருங்கள் ஓர் அழுகை! பாலுக்கும் அடங்கவில்லை, தோளில் போட்டும் அடங்கவில்லை. ஓரகத்தியின் பையன் மிரண்டு போய் அவனும் சேர்ந்துகொண்டான். கிலுகிலுப்பை ஆட்டியதெல்லாம் அந்த அழுகையில் எடுபடவே இல்லை.

"வீடு புதுசுல்ல, மிரளுறா," என்றாள் ஓரகத்தி. பிறகு, குரலை இறக்கி, "ஆனா நீ சொன்னது சரிதான்டி. அழுகைக்கு நடுவுல உன்னைப் பாத்து வாயை வாயை அசைக்குறா, அக்கு இக்குன்னு ஒண்ணும் வரலையே. எதுக்கும் சீக்கிரம் காட்டிடு. உன் கொழுந்தனார் தப்பா எடுத்துக்க மாட்டார்னா நான் கூட வரேன்," என்றாள். 'உன் வீட்டுக்காரர்' என்று சொல்ல வேண்டியதைக் கலக்கத்தில் மாற்றிச் சொல்லிவிட்டாள். இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

திரும்பி வந்தாள். வரிசைக்குள் நுழைந்து, தறிச் சத்தம் சூழ்ந்ததும் பாப்பா விம்மலை நிறுத்தி, அம்மாவின் தோளிலேயே கண் மூடினாள். 'பிறந்த இடத்துப் பாசம் இப்பவே வந்துடுச்சு போல,' என்று நினைத்தாளே ஒழிய, தார்க்காரிக்கு அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் புருஷனைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"நாளைக்கு நான் உங்க அண்ணியைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீங்க வந்தாலும் சரி, வராட்டாலும் சரி."

"எதுக்கு?"

"எதுக்கா? புள்ள திரும்ப மாட்டேங்குறா, குரல் கொடுக்க மாட்டேங்குறா. எதுக்குன்னு கேக்குறீங்களே, நீங்க பெத்த அப்பன்தானா?"

"டெஸ்ட் பண்ணி என்ன கிழிக்கப் போற? செவிடுன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிடுவான். அப்புறம் அதையே சொல்லிச் சொல்லி ஊர் மெல்லும். யார் வழியா வந்துச்சு, அம்மா வழியா அப்பா வழியான்னு ஆரம்பிச்சுடுவாங்க."

"யார் வழியா வந்தா என்ன இப்போ? எங்க வீட்டுல யாருக்கும் கிடையாது. உங்க வீட்டுல இருக்கா?"

அவன் முகம் செத்துவிட்டது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "போ, எங்க வேணும்னாலும் போ," என்று கத்தினான். அவன் எப்போதுமே கத்தித்தான் பேசுவான். தறிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். ஆனால் இது வேறு கத்தல்.

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பிள்ளை ராத்திரி வீறிட்டு அழுதால்கூட மரக்கட்டை மாதிரிக் கிடக்கிற மனுஷன்! எத்தனை நாள், "காதுல விழலையா உங்களுக்கு?" என்று உலுக்கி எழுப்பியிருக்கிறாள். வரிசையில் மற்ற பெண்களும் அவரவர் புருஷனைப் பற்றி இதையேதான் சொல்வார்கள். ஆம்பளைத் தூக்கம் அப்படி என்று சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

மறுநாள் விடிந்தது முதல் மழை. சாதாரண மழை இல்லை, காற்றோடு வந்த மழை. ஓரகத்தியின் வீட்டிலிருந்து ஆள் வந்து, வேன் எடுக்க முடியாது, மழை விட்டதும் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனான். புறப்படுவதற்காக உடுத்திய நல்ல சேலையோடு தார்க்காரி வாசலுக்கும் தொட்டிலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். வாசலில் போய் வானத்தைப் பார்ப்பாள். உள்ளே வந்து பாப்பாவைப் பார்ப்பாள். பை எடுத்து வைத்தாள், துணி மடித்தாள், மடித்ததைப் பிரித்தாள். மழைக் குளிருக்கு ஃபேனைப் போடவில்லை. பாப்பா கம்பளிக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எங்கேயோ மரம் விழுந்து கம்பி அறுந்தது. கரண்ட் போனது. இந்தப் பட்டறை மட்டும் இல்லை, வரிசை மொத்தமும் ஒரே நேரத்தில் நின்றது.

பாப்பா தூக்கத்திலேயே தூக்கிப் போட்டாள். கையும் காலும் உதறிக்கொண்டன. கண் திறந்து, முகம் கோணி, உதடு பிதுங்கி அழ ஆரம்பித்தாள்.

கரண்ட் போனால் பாப்பா அழுவது புதிது இல்லை. ஃபேன் நின்றால் புழுங்குகிறது, அதனால் அழுகிறாள் என்று தார்க்காரி இத்தனை நாள் விசிறியும் கையுமாக ஓடிவருவாள். இன்றைக்கும் பழக்கத்தில் விசிறியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். வந்தவள் அப்படியே நின்றாள். ஃபேன்தான் காலையிலிருந்தே ஓடவில்லையே! புழுக்கம் எங்கே இருக்கிறது? இந்தக் குளிரில் பிள்ளை எதற்காகத் தூக்கிப் போட்டாள்?

எதற்கு என்று அவளுக்கு மெதுவாகப் புரிந்தது. தறி நின்றது பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருந்தது கேட்டால்தானே நின்றது தெரியும்?

"ஐயோ, நான் ஒரு மடச்சி," என்று தலையில் அடித்துக்கொண்டாள். இந்த இரைச்சலில் தட்டு விழுந்தது தனக்கே கேட்டதா என்று இப்போதுதான் யோசித்தாள். விழுவதைக் கண்ணால் பார்த்தாள், கேட்டது மாதிரி இருந்தது. அவ்வளவுதான். இந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்கு ஓரகத்தி வீட்டு அமைதிதானே பூதம் மாதிரி இருந்திருக்கும்!

பாப்பாவைத் தூக்கி நெஞ்சோடு அணைத்து, ஆட்டி அடக்கினாள். பிறகு பாயில் போட்டு, தலைமாட்டுப் பக்கம் போய், ஒரு தார்க் கட்டையை எடுத்து இடப்பக்கம் தரையில் தட்டினாள். டொக். பாப்பாவின் விம்மல் நின்றது. கண் இடப்பக்கம் போனது. பின்னாலேயே தலையும் போனது. வலப்பக்கம் தட்டினாள். டொக். கனமான அந்தத் தலை, கொஞ்சம் யோசித்து, மெள்ள மெள்ள வலப்பக்கம் வந்தது. வந்து அவள் கையிலிருந்த கட்டையைக் கண்டுபிடித்ததும், "ஊ... ங்கு" என்றாள் பாப்பா.

குரல்! அவள் பெண்ணின் குரல்! எத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாளோ, இந்தப் பாவிக்குக் கேட்கவில்லையே. தார்க்காரி அழுதாள், சிரித்தாள், பிள்ளையின் உள்ளங்காலில் முத்தமிட்டாள். முதலில் அவரிடம் சொல்ல வேண்டும். பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு நடுக் கதவைத் திறந்து பட்டறைக்குள் ஓடினாள்.

பட்டறையில் வேறு யாரும் இல்லை. கரண்ட் போனதும் நெட்டையனும் மற்றவர்களும் டீக்கடைக்குப் போய்விட்டார்கள். அவன் மட்டும் கடைசித் தறியில், கதவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, ஜன்னல் வெளிச்சத்தில் அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தான்.

"என்னங்க! பாப்பா திரும்புறா! காது கேக்குது அவளுக்கு!"

அவன் திரும்பவில்லை.

நேற்றைய கோபம் இன்னும் இறங்கவில்லை போலிருக்கிறது. இருக்கட்டும், இதைக் கேட்டால் இறங்கிவிடும். "என்னங்க, இங்க பாருங்களேன்! குரல் கொடுக்குறா! ஊங்குன்னா!"

ஒரு முடிச்சுப் போட்டு நுனியைக் கிள்ளி, அடுத்த இழையைத் தேடினான். பட்டறையில் கூரையிலிருந்து ஒழுகுகிற சொட்டுக்கூடக் கேட்கிற அமைதி. அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. இவ்வளவு நல்ல செய்திக்கும் வீம்பா?

"கூப்பிடுறது காதுல விழல? நீங்க என்ன செவி..."

வார்த்தை பாதியிலேயே நின்றது.

அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது கோபமான முதுகு இல்லை. தனியாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற மனுஷனின் முதுகு. பக்கத்தில் தார்க் கட்டைகள் நிறைந்த தகர டப்பா இருந்தது. கையால் தள்ளினாள். டப்பா தடாலென்று விழுந்து கட்டைகள் நாலாபக்கமும் சிதறின. பாப்பா அதிர்ந்து வீறிட்டாள். அவன் குனிந்தபடியே இழையை நாக்கில் நனைத்து முறுக்கினான். ஒரு கட்டை உருண்டு போய் அவன் காலில் முட்டியது. அப்போதுதான் திரும்பினான்.

"அட! எப்ப வந்த?" என்று சிரித்தபடி உரக்கக் கேட்டான். எல்லாத் தறியும் ஓடுகிறபோது கேட்கிற அதே குரல், அந்த வெறும் பட்டறையில் சுவருக்குச் சுவர் மோதியது.

அவள் குரலே எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். 'பாப்பாவுக்குக் காது கேக்குது.'

அவன் முகம் மாறியது. "நிஜமாவா? நிஜமாவாடி? எப்படித் தெரியும்?"

'கட்டையைத் தட்டினேன். திரும்பினா. ரெண்டு பக்கமும் திரும்பினா.'

அவன் தறிப் பலகையில் உட்கார்ந்தான். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "அப்பா..." என்று மூச்சு விட்டான். அவள் பக்கத்தில் போய், பாப்பாவைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, மறுபடியும் உதட்டை மட்டும் அசைத்தாள். 'உங்களுக்கு?'

அவள் வாயிலிருந்து சத்தம் வரவில்லை என்பது தனக்குத் தெரியவே இல்லை என்று அப்போது உணர்ந்தானோ என்னவோ, அவள் கழுத்தைக் கையால் தொட்டுப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் அவன் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். "எப்பலேருந்து?" என்று இப்போது குரலோடேயே கேட்டாள்.

"தெரியல. கொஞ்சம் கொஞ்சமா. போன மழைக்காலத்துல ஒரு நாள் இப்படித்தான் கரண்ட் போச்சு. எல்லாரும் உக்காந்து பேசுறாங்க, சிரிக்குறாங்க. எனக்கு மட்டும் தறி ஓடிக்கிட்டே இருக்குற மாதிரி இரைச்சல். வாய் அசையுது, பேச்சைக் காணோம். அப்பதான் தெரிஞ்சுது."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? உதட்டைப் பாத்துச் சமாளிச்சுட்டேன். இங்க யாருக்குக் காது வேணும்?" மூக்கை உறிஞ்சினான். "அப்புறம் இவ பொறந்தா. நர்ஸ் அப்படிச் சொன்னாங்கன்னு நீ வந்து சொன்னப்ப எனக்கு உசுரே போயிடுச்சு. என்கிட்டருந்துதான் போயிருக்குன்னு நெனச்சேன். அப்பன் குடுத்த சீதனம்னு சொல்லுவாங்கன்னு. டெஸ்ட்டுக்கு வந்தா டாக்டர் என் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சுடுவாரோன்னு பயந்தேன். நான் ஒரு கோழைடி."

"கோழையா? நீங்க ஒரு லூசு," என்றாள் அவள். அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. ஒரு கையில் பிள்ளை இருந்ததால் இரண்டையும் செய்ய முடியவில்லை.

அவன் தோள் துண்டால் முகத்தைத் துடைத்தான். துண்டெல்லாம் பஞ்சு. ஈர மீசையில் பஞ்சு அப்பிக்கொண்டது. மூக்கில் ஏறிய பஞ்சை, 'ஃபூ' என்று ஊதினான். போகவில்லை. மறுபடியும் 'ஃபூ.'

பாப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது 'ஃபூ'வுக்கு, வயிறு குலுங்க, வாய் விட்டுச் சிரித்தாள். முகம் பார்த்துச் சிரிக்கிற ஊமைச் சிரிப்பு இல்லை அது. கெக்கெக்கே என்று சத்தத்தோடு வந்த முதல் சிரிப்பு. அந்தப் பட்டறைக்குள் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன்னால் கேட்டிருக்காது.

அவன் பிள்ளையின் வாயைப் பார்த்தான், பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். "சிரிக்குறாளா? சத்தம் வருதா?"

அவள் தலையாட்டினாள்.

"எப்படி இருக்கு? சொல்லேன்."

எப்படி என்று சொல்வது? அவள் வாயைத் திறப்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது. அணைக்காமல் விட்டுப்போன தறிகள் எல்லாம் ஒன்றாகப் புறப்பட்டன. பக்கத்துப் பட்டறைகள் புறப்பட்டன. தரை அதிர்ந்தது. பாப்பா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். வாய் மட்டும்தான் தெரிந்தது. தார்க்காரிக்கும் இப்போது எதுவும் கேட்கவில்லை.

தரை அதிர்வு காலில் ஏறியதும் அவன் துள்ளி எழுந்தான். எண்ணெய் படிந்த இரண்டு கையாலும் பாப்பாவின் இரண்டு காதையும் பொத்தினான். 'என் காதைத் தின்ன சத்தம்டி இது, வெளியே போ, வெளியே போ,' என்று கத்தினான். அவள் நடந்தாள். பிள்ளை அவள் தோளில், கைகள் அவனுடையவை, ஆகவே அவனும் குனிந்தபடி கூடவே நடக்க வேண்டியதாயிற்று. அவன் பார்க்கிற தறிகள் பின்னால் ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. தாரில் ஊடை நூல் தீர்ந்தாலும் இழை அறுந்தாலும் துணி பாழ். ஓடுகிற தறியை விட்டுவிட்டு வெளியே போகிறவனை இந்த வரிசையில் எவரும் பார்த்ததில்லை. டீக்கடையிலிருந்து ஓடிவந்த நெட்டையன் எதிரில் நின்று, 'என்னய்யா, தறி?' என்று கையை விரித்தான். அவன் நிமிரவே இல்லை.

மழை தூறலாகியிருந்தது. வரிசை வழியாக, ஒவ்வொரு பட்டறை வாசலாகத் தாண்டி நடந்தார்கள்.

வரிசைக் கோடியில் நின்று அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "இங்க சத்தம் இருக்கா?"

அவள் உற்றுக் கேட்டாள். "இருக்கு."

இன்னும் நடந்தார்கள். குழாயடியைத் தாண்டினார்கள். "இங்க?"

"இருக்கு."

"நீதான் சொல்லணும், கையை எடுக்கலாமா வேணாமான்னு. எனக்கு எங்க போனாலும் ஒண்ணுதான்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் சரியாகக் கேட்காது என்று அடக்கிக்கொண்டாள். ஓரகத்தி வீட்டுத் தெரு முனைக்கு வந்துவிட்டார்கள். நின்றாள். கூரைத் தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. தோளில் பாப்பா மூச்சு விடுவது கேட்டது. வேறு எதுவும் இல்லை.

"இங்க இல்ல," என்றாள். "எடுங்க."

அவன் கைகளை எடுத்தான். காதுகள் இரண்டிலும் எண்ணெய்க் கறை. பாப்பா முகத்தைச் சுளித்து, அழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு, தெருவிளக்குக் கம்பத்தைப் பார்த்தாள்.

"இப்பச் சொல்லு," என்றான் அவன், தெருவே எட்டிப் பார்க்கிற குரலில். "அவ சிரிச்சது எப்படி இருந்துச்சு?"

பாப்பா கம்பத்தை விட்டுவிட்டு, சத்தம் வந்த பக்கம் மெள்ளத் தலையைத் திருப்பி, அப்பாவைப் பார்த்தாள்.